விழுவது ஒன்று, தேய்வது ஒன்று

“இந்தா இருக்க தென்காசிக்குத்தான போறேன், அதுக்கு எதுக்கு ஹெல்மெட்?”

குத்துக்கல்வலசையில் வண்டி எடுக்கும் யாரைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் கிடைக்கும். திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ கிளம்பினால் ஹெல்மெட் தலைக்கு ஏறிவிடும். தென்காசிக்குக் காய்கறி வாங்கப் போனால் அது பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும், இல்லையென்றால் கண்ணாடியில் தொங்கும். ஆனி, ஆடியில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் குற்றாலத்துக்குப் போகிறவர்களுக்குத் தோளில் ஒரு துண்டும் காலில் ஒரு ரப்பர் செருப்பும் போதும். பத்துக் கிலோமீட்டருக்குள் முடிகிற பயணம், தெரிந்த ரோடு, வேகமும் அப்படியொன்றும் இல்லை.

இந்த மூன்று சமாதானங்களையும் 1970களின் பிற்பகுதியிலேயே ஒருவர் சோதித்துப் பார்த்துவிட்டார். தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்ற பொறியாளரும் அவருடைய குழுவும் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் விபத்து நடந்ததாகத் தகவல் வந்தவுடன் அந்த இடத்துக்கே போனார்கள். டயர் தேய்த்த தடத்தை அளந்தார்கள். உடைந்த ஹெல்மெட்டை ஆராய்ந்தார்கள். காயத்தைப் பதிவு செய்தார்கள். இப்படி 900 விபத்துகள். 1981-இல் வந்த அவர்களுடைய அறிக்கை இன்றுவரை இத்துறையின் அடிப்படை ஆவணங்களில் ஒன்று.

அதில் வந்த முடிவுகள் குத்துக்கல்வலசைக்கென்றே எழுதியவை போல இருக்கின்றன. பெரும்பாலான விபத்துகள் கடைகண்ணிக்கு, நண்பர் வீட்டுக்கு, பொழுதுபோக்குக்கு என்று கிளம்பிய குறும்பயணங்களில்தான் நடந்திருந்தன. அதுவும் புறப்பட்ட சிறிது நேரத்துக்குள், புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே. மோதிய நேரத்தில் வண்டியின் வேகத்தை வரிசைப்படுத்திப் பார்த்தால் நடுவில் நிற்கும் எண் மணிக்குச் சுமார் 35 கிலோமீட்டர். ஆபத்து கண்ணில் பட்டதற்கும் மோதலுக்கும் இடையே ஓட்டுநருக்குப் பெரும்பாலும் 2 நொடிகூடக் கிடைக்கவில்லை. ஹெல்மெட் போட்டால் காது கேட்காது, பக்கத்தில் வருவது தெரியாது என்ற வாதத்தையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. அப்படி எந்தக் குறையும் ஹெல்மெட்டால் வரவில்லை என்பதுதான் அவர்கள் கண்டது.

இந்த 35 கிலோமீட்டர் வேகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியிலிருந்து ஒரு மனிதர் விழும்போது உடம்புக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும்.

விழுகிற உடம்புக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேகங்கள் இருக்கின்றன. ஒன்று, தரையை நோக்கிக் கீழே. மற்றொன்று, ரோட்டின் போக்கில் முன்னே. கீழ்நோக்கிய வேகம் அடியாகிறது. முன்னோக்கிய வேகம் தேய்ப்பாகிறது. எதிரே சுவரோ லாரியோ இருந்தால் முன்னோக்கிய வேகமும் அடியாகவே மாறும். அதை ஒதுக்கிவிட்டு வெறுமனே சறுக்கி விழுவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். அடியைத் தாங்கும் பொருள் வேறு, தேய்ப்பைத் தாங்கும் பொருள் வேறு. பாதுகாப்பு உடை பற்றிய அறிவியல் முழுவதும் இந்த ஒரு பிரிவினையில்தான் அடங்கியிருக்கிறது. ஹெல்மெட் மட்டும் போதுமா, ஜாக்கெட் எதற்கு, கையுறை ஆடம்பரமா என்ற எல்லாக் கேள்விகளுக்கும் இங்கிருந்துதான் பதில் தேட வேண்டும்.

முதலில் அடி. வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது தலையின் வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். வண்டி ஓடிக்கொண்டிருந்தாலும், சிக்னலில் நின்றுகொண்டிருந்தாலும் இந்தக் கீழ்நோக்கிய வேகம் மாறாது. நிற்கிற வண்டியிலிருந்து சாய்ந்து விழுந்தும் மண்டை உடைவது இதனால்தான். வண்டி மெதுவாகத்தான் போனது என்பது தலைக்குப் பெரிய ஆறுதல் இல்லை.

தலை அந்த வேகத்தோடு வந்து தார் ரோட்டில் நிற்க வேண்டும். எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. வெறுந்தலை என்றால் தோலும் எலும்பும் அமுங்கிக் கொடுக்கிற சில மில்லிமீட்டர்தான். 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நிற்கும்போது தலை அனுபவிக்கும் வேகத் தணிப்பு புவியீர்ப்பைப் போல 300 மடங்கு. அதே தலை 25 மில்லிமீட்டர் தூரத்தில் நின்றால் 60 மடங்கு. விழுந்த உயரம் அதேதான், ரோடும் அதேதான். கூடுதலாகக் கிடைத்தது 2 சென்டிமீட்டர் மட்டுமே. அந்த 2 சென்டிமீட்டரைக் கொடுப்பதற்காகத்தான் ஹெல்மெட் என்ற பொருளே இருக்கிறது.

கொடுப்பது எது? வெளியே பளபளக்கும் கெட்டி ஓடு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஓடு, அடியை ஓரிடத்தில் குத்தவிடாமல் பரப்புகிறது. கூர்மையான ஜல்லி உள்ளே இறங்காமல் தடுக்கிறது. உண்மையான வேலையைச் செய்வது அதற்குள் இருக்கும் வெள்ளை தெர்மாகோல். டிவி பெட்டிக்குள் வரும் அதே பாலிஸ்டைரீன் நுரைதான், இதில் அடர்த்தி அதிகம். அடி விழும்போது அதிலுள்ள கோடிக்கணக்கான காற்றறைகள் நசுங்குகின்றன. நசுங்குவதற்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் மூளைக்குப் போக வேண்டிய கணக்கிலிருந்து கழிகிறது. நசுங்கிய நுரை மீண்டும் எழும்பாது. எழும்பினால் வாங்கிய ஆற்றலைத் தலைக்கே திருப்பிக் கொடுத்துவிடும். எனவேதான் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாமல் இருந்தாலும், மாற்றப்பட வேண்டியது. அதன் வேலையை அது ஒருமுறை செய்து முடித்துவிட்டது.

பழைய ஐரோப்பியத் தர விதி ஒன்றில், நொடிக்கு ஏழரை மீட்டர் வேகத்தில், அதாவது ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்திலிருந்து போட்டாலும் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் மாதிரித் தலை 275 மடங்கைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. நம் நாட்டுத் தரத்துக்கு ஐ.எஸ். 4151 என்று பெயர். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் இந்தியாவில் சட்டவிரோதம். ஆனாலும் நெடுஞ்சாலை ஓரத்தில் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டு விற்கிறார்கள். வாங்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். உள்ளே இருக்கும் துணிப் பஞ்சின் ஓரத்தை விலக்கி விரலால் தடவிப் பாருங்கள். கெட்டியான தெர்மாகோல் விரல் தடிமனுக்குக் கையில் பட வேண்டும். மெத்தைப் பஞ்சு மட்டும் இருந்து, அதற்குப் பின்னால் நேரே பிளாஸ்டிக் தட்டுப்பட்டால் அது தொப்பி. போலீஸ்காரரிடமிருந்து காப்பாற்றும், ரோட்டிலிருந்து காப்பாற்றாது. கட்டட வேலைக்குப் போடும் மஞ்சள் தொப்பியும் அப்படியே. மேலிருந்து செங்கல் விழுந்தால் தாங்கச் செய்தது அது. நெற்றியும் பொட்டும் பிடரியும் அதில் திறந்தே கிடக்கின்றன. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணைத் தரச் சான்று அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஹெல்மெட் வேலை செய்யும் என்பதை முதலில் எண்களோடு எழுதியவர் ஒரு மூளை அறுவை மருத்துவர். 1935 மே 13 அன்று இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் டி.இ. லாரன்ஸ் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி, ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று உலகம் அறிந்தவர், தன் பிரஃப் சுப்பீரியர் வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். போன வேலை பக்கத்து ராணுவ முகாமின் தபால் நிலையத்தில் ஒரு தந்தி கொடுப்பது. வீட்டுக்கு மிக அருகில், சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பினார். தூக்கி எறியப்பட்டார். தலையில் எதுவும் இல்லை. ஆறு நாள் நினைவு திரும்பாமலேயே கிடந்து மே 19 அன்று இறந்தார். வயது 46. “இந்தா இருக்க தபால் ஆபீசுக்குத்தான” என்று அவரும் நினைத்திருக்கக் கூடும்.

அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். அந்தச் சாவு அவர் மனத்தை விட்டு அகலவில்லை. போர் வந்தது, ராணுவச் செய்தி கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள்காரர்கள் ரோட்டில் விழுந்து செத்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்தார். 1941 அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார். ஹெல்மெட் அணிந்து விபத்துக்குள்ளானவர்கள் அப்போது அவருக்குக் கிடைத்தது 7 பேர்தான். ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள். அடுத்த மாதமே பிரிட்டிஷ் ராணுவம் வேலை நேரத்தில் வண்டி ஓட்டும் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அங்கே அந்தச் சட்டம் வர 1973 ஆனது. கெய்ர்ன்ஸ் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 2008-இல் காக்ரேன் அமைப்பு உலகெங்கும் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஹெல்மெட் சாவை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்ற முடிவு வந்தது. ஏழு நோயாளிகளை வைத்து ஒரு மருத்துவர் ஊகித்தது தப்பவில்லை.

வார் பூட்டாத ஹெல்மெட் இந்தக் கணக்கில் சேராது. முதல் அடியிலேயே அது கழன்று தனியாக உருண்டு ஓடும். தாடைக்கும் வாருக்கும் இடையே இரண்டு விரல் நுழைகிற அளவு இறுக்கம் வேண்டும். இன்னொன்று, அரைமுக ஹெல்மெட்டா முழுமுக ஹெல்மெட்டா என்ற கேள்வி. ஜெர்மனியில் டீட்மார் ஓட்டே ஆராய்ந்ததில், ஹெல்மெட்டில் விழுந்த அடிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாடைப் பகுதியில் விழுந்திருந்தது. அரைமுக ஹெல்மெட்டில் அந்த இடத்தில் ஒன்றுமே கிடையாது. என் முடிவு தெளிவானது: முழுமுகம்தான்.

இனி தேய்ப்பு. இதைப் பற்றி நம்மூரில் பேச்சே கிடையாது.

35 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தவர் உடனே நிற்பதில்லை. காய்ந்த தார் ரோட்டில் உடம்பின் உராய்வு எண்ணைச் சுமார் 0.6 என்று கொண்டால் 8 மீட்டர் தேய்ந்துகொண்டு போய், ஒன்றரை நொடிக்குச் சற்று மேலே கழிந்து நிற்பார். வேகம் 50 என்றால் தூரம் 16 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, தேய்கிற தூரம் இரண்டு மடங்காகிவிட்டது. மனிதத் தோலின் தடிமன் பெரும்பாலான இடங்களில் 2 மில்லிமீட்டர் அளவே. வேட்டி, சட்டை, சுடிதார், பனியன் துணி எதுவும் தார் ரோட்டில் ஒரு நொடி தாக்குப்பிடிப்பதில்லை. அதற்குப் பிறகு தேய்வது தோல்.

சீசனில் கணக்கு மாறுகிறது. சாரல் விழத் தொடங்கிய முதல் சில நிமிடங்கள்தான் மோசமானவை. ரோட்டில் படிந்திருந்த எண்ணெயும் டயர்த் தூசியும் தண்ணீரோடு கலந்து மேலே வரும். நன்றாக மழை பெய்து கழுவிவிட்டால் பிடிப்பு ஓரளவு திரும்பும். குற்றாலத்தில் விழுவது பெரும்பாலும் கழுவுகிற மழை இல்லை, நனைக்கிற சாரல். வெள்ளைக் கோட்டுப் பெயின்ட், உதிர்ந்த இலை, வளைவில் ஒதுங்கிய மணல் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஈர ரோட்டில் தேய்ப்பின் கடுமை குறைவுதான். தண்ணீர் இடையில் இருக்கிறது. ஆனால் சறுக்கிப் போகும் தூரம் கூடும். உராய்வு எண் 0.4-க்கு இறங்கினால் 8 மீட்டர் 12 ஆகிவிடும். கூடுகிற அந்த 4 மீட்டரில் சாலையோர மரமோ எதிரே வரும் பஸ்ஸோ இருந்துவிட்டால் தேய்ப்பு அடியாகிவிடும். அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு, ஒரே வண்டியில் மூன்று பேராகத் திரும்புகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

தேய்ப்பை அளந்து பார்க்க இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரோடரிக் வுட்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும் சொரசொரப்பான பட்டையின் மேல் துணித் துண்டை விழவைத்து, ஓட்டை விழும் நேரத்தை அளப்பது. அவருடைய வேலையை ஒட்டி உருவான பழைய ஐரோப்பியத் தரத்தில், முதலில் தரையில் படுகிற தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் ஆகிய இடங்களின் துணி குறைந்தது 4 நொடியும், உயர்ந்த தரத்தில் 7 நொடியும் தாங்க வேண்டியிருந்தது. நல்ல தோல் தாங்குகிறது. சிறப்பு இழைகள் கலந்த துணிகளும் தாங்குகின்றன. அதே இடங்களில் உள்ளே வைக்கும் திண்டுகள் அடிக்கானவை. ஹெல்மெட் தெர்மாகோல் செய்வதை அவை மூட்டுகளுக்குச் செய்கின்றன. 5 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டு, மறுபக்கம் எவ்வளவு விசை கடக்கிறது என்று பார்த்து அவற்றுக்குத் தரம் கொடுக்கிறார்கள். முதல் தரத்துக்கு 35 கிலோநியூட்டன், இரண்டாம் தரத்துக்கு 20. வாங்கும்போது இரண்டாம் தரத்தைக் கேளுங்கள்.

ஆய்வகத்தில் தாங்குவது ரோட்டில் தாங்குமா? ஆஸ்திரேலியாவில் லிஸ் டி ரோம் தலைமையில் நடந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. விபத்துக்குள்ளான 212 பேரின் உடையையும் காயத்தையும் ஒப்பிட்டார்கள். மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு ஜாக்கெட் போட்டவர்களுக்கு 21 சதவீதம், பாதுகாப்புக் கால்சட்டை போட்டவர்களுக்கு 51 சதவீதம், கையுறை போட்டவர்களுக்கு 59 சதவீதம் குறைந்திருந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னது. விபத்தில் சிக்கிய ஜாக்கெட், கால்சட்டை, கையுறைகளில் நான்கில் ஒன்றுக்கு மேல் கிழிந்தோ பிரிந்தோ போயிருந்தன. விலை கொடுத்து வாங்கியதாலேயே காக்கும் என்று நம்ப முடியாது. தையல் இரண்டு மூன்று வரிசையாக இருக்கிறதா, திண்டு மூட்டில் சரியாக உட்காருகிறதா என்று போட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கையுறைக்கு இவ்வளவு பலன் ஏன்? விழும்போது யோசிக்காமல் முன்னே நீளுவது கை. உள்ளங்கைதான் முதலில் தரையைத் தொடும். மணிக்கட்டுக்குள் கட்டைவிரல் பக்கம் படகு வடிவில் ஒரு சிறு எலும்பு இருக்கிறது. அதற்கு ரத்தம் விரல் பக்க முனை வழியாக உள்ளே வந்து பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் உடைந்தால் மறுபாதிக்கு ரத்தம் போகாமல் எலும்பு கூடாமலே நின்றுவிடலாம். சாதாரண எக்ஸ்ரேயில் முதல் நாள் இது தெரியாமலும் போகும். தென்காசி வட்டாரத்தில் எத்தனை வீடுகளில் பீடித் தட்டோடு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்! இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நுனியை மடக்குவதற்கு விரல் நுனியின் நுணுக்கம் வேண்டும். கணவர் வண்டியில் பின்னால் போய் விழுந்து மணிக்கட்டு உடைந்தால் அந்த வீட்டில் கூலி நிற்கிறது. பாதுகாப்பு உடையைப் பணக்கார வாலிபர்களின் விளையாட்டுச் சாமானாகப் பார்ப்பவர்கள் கைவேலை செய்து பிழைக்கிறவர்களை மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்குத்தான் அது முதலில் தேவை.

செலவு பற்றிய கவலை நியாயமானது. முழு உடுப்பு வாங்கப் பல ஆயிரம் ஆகும். சித்திரை வெயிலில் தடித்த ஜாக்கெட் போட முடியாது என்பதும் உண்மை. வலைத்துணியில் திண்டு வைத்த ஜாக்கெட்டுகள் அதற்காகவே வருகின்றன. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. டி ரோம் ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த எண் ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிளுக்கென்று செய்யாத சாதாரண பூட்ஸ் போட்டிருந்தவர்களுக்குக்கூட, சாதாரண ஷூ போட்டிருந்தவர்களைவிடப் பாதக் காயம் 54 சதவீதம் குறைவு. தரமான ஹெல்மெட், உள்ளங்கைத் திண்டோடு வரும் ஒரு கையுறை, கணுக்காலை மூடும் வேலை பூட்ஸ் என்று படிப்படியாக வாங்கலாம். வரிசையும் அப்படித்தான்: தலை, கை, கால், பிறகு மற்றவை.

சேலையையும் துப்பட்டாவையும் இந்தப் பேச்சில் விட்டுவிட முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் இருக்க வேண்டும், உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த மூடிதான் சாரி கார்டு. அழகு கெடுகிறது என்று முதல் சர்வீஸிலேயே அதைக் கழற்றிப் போடுகிறவர்கள் பலர். சுழலும் சக்கரத்தில் முந்தானை சிக்கினால் அடுத்த நொடி பின்னால் இருப்பவர் ரோட்டில் கிடப்பார். கழற்றியிருந்தால் திரும்பப் பூட்டுங்கள்.

பின்சீட்டில் இருப்பவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2015-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பிறகு அந்த ஆண்டு ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் விதி இறுக்கப்பட்டது. ஓட்டுபவருக்கு மட்டுமின்றிப் பின்னால் இருப்பவருக்கும். 9 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தைகளுக்குத் தலைக்கவசமும் ஓட்டுபவரோடு இணைக்கும் வாரும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்று 2022-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஆனாலும் அப்பா தலையில் ஹெல்மெட், அம்மா தலையில் மல்லிகைப்பூ, டேங்க் மேல் பிள்ளை வெறுந்தலையோடு என்றுதான் தென்காசி ரோட்டில் குடும்பங்கள் போகின்றன. ஈர்ப்பு விசைக்கு முன்சீட்டும் பின்சீட்டும் ஒன்றுதான்.

மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் ஹெல்மெட் அணியாமல் இருசக்கர வாகன விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் வண்டி ஓட்டியவர்கள் இல்லை, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். உங்கள் வீட்டில் ஒரு ஹெல்மெட் இருந்தால் இந்த வாரமே இரண்டாவதை வாங்கிவிடுங்கள். பின்னால் உட்காருகிறவரையும் கடைக்கு அழைத்துப்போய், அவர் தலைக்கு அளவு பார்த்து.